அசையாத ஓவியத்துக்கு உரிமையாளர் இல்லை

வின்சென்ட் வான் கோ இறந்தது 1890 ஜூலை 29. அவருடைய ஓவியங்களைச் சுவரெங்கும் ஓடவிடும் இம்மர்சிவ் கண்காட்சிகளில், வெளியே வரும் வழியில், நினைவுப்பொருள் கடைக்குச் சற்று முன்னால், பெரும்பாலும் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும். அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை, படங்களை மறுபதிப்புச் செய்யக் கூடாது என்று. யாருடைய உரிமை? வரைந்தவர் போய் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வாரிசுகளுக்கு இருந்ததும் எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்தக் கித்தான்களில் ஒன்றைக்கூடச் சொந்தமாக வைத்திருக்காத ஒரு நிறுவனம் எந்தத் தைரியத்தில் 'இது எங்களுடையது' என்று எழுதுகிறது? சட்டென்று வாயில் வரும் பதில், ஏமாற்றுகிறார்கள் என்பது. அது பாதிதான் சரி. மீதிப் பாதியில் சட்டம் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது, அதுவும் கொஞ்சம் தலைகீழான ஒரு காரணத்துக்காக. அந்தத் தலைகீழைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த இருட்டுக் கூடத்தில் நம் கண்ணுக்கு ஒரே காட்சியாகத் தெரிவது, சட்டத்தின் கண்ணுக்குப் பல அடுக்கு. அடியில் ஓவியம். அதன் மேல் அந்த ஓவியத்தை எடுத்த புகைப்படம். அந்தப் படக்கோப்பை யார் யாருக்கு என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்கிற ஒப்பந்தம். அதற்கும் மேல் அனிமேஷன், இசை, பின்னணிக் குரல் படிக்கும் வாசகம், கடைசியில் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, ஆயுள் வேறு. பொடி எழுத்து அறிவிப்பு இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

சுவர் கேட்கும் விலை

சட்டத்துக்குப் போவதற்கு முன் அளவுநாடாவை எடுக்கலாம். 'நட்சத்திர இரவு' 73.7 செ.மீ. உயரம், 92.1 செ.மீ. அகலம். ஒரே ஆள் இரண்டு கையாலும் தூக்கிவிடக்கூடிய அளவு. 1941 முதல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை 20 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் கொண்ட சுவரில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை நிரப்பினால் ஓவியம் ஏறக்குறைய 21.7 மடங்கு பெரிதாகும், உயரம் 16 மீட்டருக்குப் போய்விடும். சுவர் பத்துதான். ஆறு மீட்டரை வெட்டியாக வேண்டும். மேலே வெட்டினால் சைப்ரஸ் மரத்தின் நுனியும் வானமும் போச்சு. கீழே வெட்டினால் கிராமம் போச்சு. சரி, உயரத்துக்கு அடக்குவோம் என்றால் ஓவியம் 12.5 மீட்டர் அகலத்தோடு நின்றுவிடும். பாக்கி ஏழரை மீட்டர் வெறும் சுவர். வெறும் சுவரைக் காட்டக் காசு வாங்கிய எவருக்கும் மனம் வராது. அதனால் வானத்தை இழுத்து நீட்டுவார்கள், கண்ணாடிப் பிம்பம்போல ஒட்டுவார்கள், வேறொரு ஓவியத்திலிருந்து தீற்றல்களைக் கொண்டுவந்து நிரப்புவார்கள். அனிமேஷன் தொடங்குவதற்கு முன்பே ஓவியம் மாறிவிட்டது.

சுவருக்காக ஓவியத்தை வெட்டுவது நம் காலத்துக் குற்றம் ஒன்றும் இல்லை. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 1715-ல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றக் கட்டடத்துக்குக் கொண்டுபோனபோது, மாட்ட நினைத்த இடத்தில் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் நறுக்கினார்கள். நறுக்கிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. புரொஜெக்டர் குறைந்தபட்சம் மூலத்தைத் தொடுவதில்லை.

அடுத்தது பிக்சல். இந்தக் கூடங்களில் பரவலாகப் பயன்படும் லேசர் புரொஜெக்டர்களின் தெளிவு 1920-க்கு 1200. ஒரு கருவி 8 மீட்டர் அகலத்தை நிரப்புகிறது என்றால் ஒரு பிக்சலின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நல்ல பார்வை உள்ளவருக்கு அந்தக் கட்டங்கள் கண்ணில் கரைய வேண்டுமானால் சுவரிலிருந்து 14 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மூன்று மீட்டரில் நின்றால் தூரிகைத் தீற்றல் என்று நினைத்துப் பார்ப்பது பாதி கட்டம், பாதி மங்கல். ஆகவே சுவரை ஒட்டி நின்று ரசிப்பது அருங்காட்சியகத்தில் பலிக்கும், இங்கே பலிக்காது. கூடத்தின் நடுவில், இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கும் சம தூரத்தில் தரையில் உட்காருவதுதான் சரியான இடம்.

ஒளியிலும் ஒரு கோளாறு உண்டு. லூமென் என்பது கருவி உமிழும் ஒளியின் அளவு, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென். 20,000 லூமென் கருவியின் ஒளி 40 சதுர மீட்டரில் விழுந்தால் வெள்ளைப் பகுதியில் சுமார் 500 லக்ஸ் கிடைக்கும். எண்ணெய் ஓவியத்துக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிப்பது பெரும்பாலும் 200 லக்ஸ் வரைதான், தாளில் வரைந்ததற்கு 50. அதாவது வெளிச்சத்துக்குக் குறைவில்லை. குறை கறுப்பில். சுவரின் மேல் கறுப்பை யாராலும் புரொஜெக்ட் செய்ய முடியாது; ஒளி விழாத சுவர் எவ்வளவு இருட்டோ அதுதான் அங்கே கறுப்பு. எதிர்ச் சுவரின் வெளிச்சம், தரையின் பிரதிபலிப்பு, பார்க்க வந்தவர்களின் வெள்ளைச் சட்டை எல்லாம் அதில் சேர்ந்து கறுப்பைச் சாம்பலாக்கும். இரவு வானத்தின் ஆழ்ந்த நீலம்தான் முதலில் அடிபடும். அதை ஈடுகட்ட நிறத்தைத் தூக்கிவிடுவார்கள், மஞ்சள் கண்ணைக் குத்தும். இன்னொன்றும் கவனிக்கலாம். பக்கத்துப் பக்கத்துக் கருவிகளின் படங்கள் 10 முதல் 20 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். தையல் தெரியாமல் இருக்க ஓரங்களில் ஒளியைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஆனால் படமே கறுப்பாக இருக்கும்போது குறைப்பதற்கு எதுவும் இல்லை. இரண்டு கருவிகளிலிருந்தும் கசியும் ஒளி சேர்ந்து, இருட்டுக் காட்சிகளில் செங்குத்தாக ஒரு வெளிறிய பட்டை நிற்கும். மற்ற பகுதியின் கறுப்பையும் கொஞ்சம் தூக்கி இதைச் சமன்செய்யும் வசதி மென்பொருளில் உண்டு. பட்டை தெரிந்தால், அந்தக் கூடத்தில் அந்த வேலையை யாரோ பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் குறை சொல்வதற்காக மட்டும் சொல்லவில்லை. வெட்டல், நீட்டல், நிறம் ஏற்றல், தீற்றல்களை அசைத்தல் என்று மூலத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்குத்தான் அந்தப் பொடி எழுத்து அறிவிப்புக்கு உயிர் வருகிறது.

1999: அச்சு அசலாக எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது

முடிச்சு அவிழ்ந்த இடம் நியூயார்க்கின் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம். பிரிட்ஜ்மன் என்ற பிரிட்டிஷ் படநூலகம், அருங்காட்சியகங்களில் உள்ள பழைய ஓவியங்களின் புகைப்படங்களை உரிமத்துக்கு விற்றுவந்தது. கோரல் என்ற கனடிய மென்பொருள் நிறுவனம் ஐரோப்பிய ஓவியங்களின் படங்களைச் சிடியில் போட்டு விற்றது. எங்கள் புகைப்படங்களிலிருந்துதான் எடுத்தீர்கள் என்று பிரிட்ஜ்மன் வழக்குப் போட்டது. 1998 நவம்பரில் தோற்றது. சட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, மறுபடி பாருங்கள் என்று கேட்டது. நீதிபதி லூயிஸ் கேப்லன் மறுபடி பார்த்தார். 1999 பிப்ரவரியில் மறுபடியும் தோற்றது.

பிரிட்ஜ்மன் தரப்பு வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓவியத்தைப் படம் எடுப்பது மொபைலை நீட்டிச் சொடுக்குவது மாதிரி அல்ல. இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைக்க வேண்டும். வார்னிஷ் பளபளப்பைக் கொல்ல விளக்கின் மேல் ஒரு துருவமுனைப்புத் தாள், லென்ஸின் மேல் அதற்கு 90 பாகை திருப்பிய இன்னொன்று. நிற அட்டையை வைத்து ஒவ்வொரு நிறத்தையும் சரிபார்க்க வேண்டும். பெரிய ஓவியம் என்றால் துண்டு துண்டாக எடுத்துத் தைக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022 தொடக்கத்தில் வெளியிட்ட 'இரவுக் காவல்' படத்துக்கு 8,439 படங்கள் எடுத்துத் தைத்தார்கள். மொத்தம் 717 கிகாபிக்சல் (ஒரு கிகாபிக்சல் நூறு கோடி பிக்சல்), ஓவியத்தின் மேல் ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. இவ்வளவு திறமைக்கும் உழைப்புக்கும் உரிமை இல்லையா என்பதுதான் கேள்வி.

இல்லை என்றார் நீதிபதி. பதிப்புரிமை உழைப்புக்குக் கூலி அல்ல. புதிதாக எதையாவது படைத்ததற்குக் கிடைப்பது. மூலத்திலிருந்து ஒரு மயிரிழையும் பிசகாமல் எடுப்பதே உங்கள் நோக்கம் என்றால், அந்த நோக்கத்தில் நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க உங்கள் சொந்தப் பங்கு பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது. புகைப்படக்காரரின் வெற்றியே அவர் தோல்வி.

ஒரு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு உலகைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கருத்து மெல்லப் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த பதிப்புரிமை நெறிமுறையின் 14-ஆம் பிரிவு இதையே சொல்கிறது: காட்சிக்கலைப் படைப்பு ஒன்றின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டால், அதை அப்படியே நகலெடுத்ததில் புதிய உரிமை பிறக்காது, நகலே ஒருவரின் சொந்த அறிவுப் படைப்பாக இருந்தால் தவிர. உறுப்பு நாடுகளுக்குக் கொடுத்த கெடு 2021 ஜூன் 7. பிரிட்டனில் இதே திசையைக் காட்டியது 2023 நவம்பரின் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்குக்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமே இல்லை, பங்குச்சந்தை மென்பொருளின் திரை வரைபடங்கள் பற்றியது. அங்கே நீதிமன்றம் வகுத்த அளவுகோலை ஓவியப் புகைப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் அதுவும் தேறாது.

இப்போது இந்த விதியை இருட்டுக் கூடத்துக்குள் கொண்டுபோங்கள். 'நட்சத்திர இரவு' முழுசாக, அசையாமல், சரியான நிறத்தில் சுவரில் நின்றால் அந்தக் கணத்தில் யாருக்கும் அதன்மேல் உரிமை இல்லை. நட்சத்திரம் சுழலத் தொடங்கியதும், அந்தச் சுழற்சியில் ஓர் உரிமையாளர் பிறந்துவிடுகிறார். வான் கோவின் வானம் எல்லோருடையதும்தான். எந்த வேகத்தில் எந்தத் தீற்றல் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பது தயாரிப்பாளருடையது. இதுதான் நான் சொன்ன தலைகீழ். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பவருக்குச் சட்டம் ஒன்றும் தருவதில்லை, அதைக் கலைப்பவருக்குத் தருகிறது. இந்தக் கண்காட்சிகளில் ஏன் எதுவுமே ஐந்து விநாடி அசையாமல் நிற்பதில்லை என்பதற்கு, குழந்தைகள் சலித்துப்போவார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அசைவில்தான் சொத்து இருக்கிறது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அந்த உரிமையும் மெல்லியதுதான். 'ஓவியத்தைச் சுவரில் ஓடவிடுவது' என்ற யோசனையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பிரான்சின் லே போ-து-ப்ரோவான்ஸ் ஊரில் கைவிடப்பட்ட கல்குவாரியின் சுவர்களில் 1977-லேயே படங்களைப் பாய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். 2018-ல் பாரிஸில் ஒரு பழைய வார்ப்பாலையில் ஓவியர் கிளிம்ட்டின் படைப்புகளை வைத்து அத்தலியே தே லுமியேர் என்ற கூடம் திறந்தது. அங்கே வான் கோ ஓடிய பிறகு, 2020, 2021-ல் கிட்டத்தட்ட ஒரே பெயரில் பல நிறுவனங்கள் தனித்தனியே கடை விரித்தன. நியூயார்க்கில் ஒரே சமயத்தில் இரண்டு. பார்க்க வந்த சிலர் ஒன்றுக்கு டிக்கெட் வாங்குவதாக நினைத்து இன்னொன்றுக்கு வாங்கினார்கள். ஒருவரை ஒருவர் தடுக்க அவர்களுக்கு வழி குறைவு: ஓவியன் பெயரும் 'இம்மர்சிவ்' என்ற சொல்லும் பொதுச்சொத்து. இப்படிப்பட்ட தலைப்பில் டிக்கெட் வாங்கும்முன் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் அரங்கின் முகவரியையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

உரிமை போனாலும் சாவி போகவில்லை

ஓவியம் பொதுச்சொத்து, புகைப்படத்திலும் உரிமை இல்லை. அப்படியானால் அருங்காட்சியகத்துக்கு ஏன் இன்னும் பணம் கட்டுகிறார்கள்? கோப்புக்காக. மேலே சொன்ன பிக்சல் கணக்கு இங்கே திரும்பி வருகிறது. சுவரில் ஒரு பிக்சல் நான்கு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்றால் 20 மீட்டர் அகலத்துக்கு 4,800 பிக்சல் போதும். இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கும் பல படங்களே அந்த அளவை எட்டிவிடும். ஆனால் அசைவு வேண்டும், நெருங்கிப் போக வேண்டும். ஓவியத்தில் 10 செ.மீ. அகலமுள்ள ஒரு நட்சத்திரத்தைச் சுவர் முழுக்க விரிக்க வேண்டுமானால், அந்தப் பத்து சென்டிமீட்டருக்குள் 4,800 பிக்சல் இருக்க வேண்டும். முழு ஓவியத்துக்குக் கணக்குப் போட்டால் அகலம் சுமார் 44,000 பிக்சல், மொத்தம் ஒன்றரை கிகாபிக்சல். இது எல்லாரிடமும் இருக்காது. இல்லாதவர்கள் மென்பொருளை வைத்துப் பெரிதாக்குகிறார்கள், அது இல்லாத தீற்றல்களைக் கற்பனையில் போட்டு நிரப்புகிறது. கித்தானில் பெயின்ட் மேடாக நின்ற இடத்தில் ஒரு வழவழப்பு தெரிந்தால், அது வான் கோ வரைந்தது இல்லை.

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடம் 2012-ல் தன் படங்களைத் திறந்துவிட்டது. ரைக்ஸ் அருங்காட்சியகமும் அதே காலத்தில். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களை, எந்த உரிமையும் கோரவில்லை என்ற சிசி ஸீரோ அறிவிப்போடு வெளியிட்டது. வேறு பல இடங்களில் பெரிய கோப்பு வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: இத்தனை மாதம், இந்த ஊர்கள், வெட்டக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது என்று நிபந்தனைகள் இருக்கலாம். இது பதிப்புரிமை அல்ல, வெறும் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டும். கோப்பு கைமாறி மூன்றாமவரிடம் போய்விட்டால் அவரை அதே நிபந்தனையால் பிடிக்க முடியாது. இந்த வேறுபாட்டை எழுத்தில் சொல்ல யாரும் அவசரப்படுவதில்லை. 'உரிமை பெற்றுப் பயன்படுத்தப்பட்டது' என்று பொதுவாக எழுதிவிட்டால், ஓவியத்துக்கே உரிமை இருப்பதுபோலத் தொனிக்கும்.

கேமராவுக்குத் தடை என்ற பலகையும் இதே ரகம். ஜெர்மனியில் மன்ஹைம் நகர அருங்காட்சியகம் ஒன்றின் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. அருங்காட்சியகம் எடுத்த ஓவியப் புகைப்படங்களுக்கு ஜெர்மன் சட்டப்படி பாதுகாப்பு உண்டு என்பது ஒன்று. தடையை மீறித் தானே படம் எடுத்த பார்வையாளர், உள்ளே வரும்போது ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை மீறினார் என்பது மற்றொன்று. 2021-ல் ஐரோப்பிய நெறிமுறைக்காகச் சட்டத்தைத் திருத்தியதும் முதலாவது காலாவதியானது. இரண்டாவதை அந்தத் திருத்தம் தொடவில்லை.

இத்தாலி இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிறது. அங்கே 2004-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டம், அரசின் பொறுப்பில் உள்ள கலைப்பொருளின் உருவத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் கேட்கிறது. பதிப்புரிமைக்கு இருப்பதுபோல இதற்கு ஆயுள் முடிவு கிடையாது. 2022-ல் போத்திச்செல்லியின் வீனஸைத் துணியில் அச்சிட்டதற்காக உஃபிட்சி அருங்காட்சியகம் ழான் பால் கோத்தியே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. டா வின்சியின் 'விட்ருவியன் மனித'னைப் புதிர்ப்படமாக விற்ற ராவன்ஸ்பர்கர் நிறுவனத்துக்கு எதிராக அதே ஆண்டு வெனிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. உலகம் முழுக்க விற்கக் கூடாதாம். 2024 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம், இத்தாலியச் சட்டம் இத்தாலிக்குள்தான் செல்லும் என்று சொல்லிவிட்டது. டா வின்சி கண்காட்சி நடத்துபவர் பெட்டியில் இரண்டு தீர்ப்புகளையும் வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போக வேண்டும்.

இறந்த வருடத்தை வைத்துக் கூட்டல்

எந்த ஓவியரைச் சுவரில் போடலாம் என்பது பெரும்பாலும் ஒரு கூட்டல் கணக்கு. ஐரோப்பாவில் இறந்த ஆண்டோடு 70-ஐக் கூட்டி, அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டும். இந்தியாவில் 60. மெக்சிகோவில் 100. மோனே 1926, கிளிம்ட் 1918: கவலையில்லை. முங்க் 1944, ஐரோப்பாவில் 2015 முதல் சுதந்திரம். மாத்திஸும் ஃப்ரீடா காலோவும் 1954, அதனால் 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவில் திறந்தாயிற்று. மெக்சிகோவில் ஃப்ரீடா இன்னும் பூட்டுக்குள்தான், உரிமை அந்நாட்டு மத்திய வங்கி நிர்வகிக்கும் அறக்கட்டளையிடம். அமெரிக்காவில் இந்தக் கூட்டல் மட்டும் பலிக்காது, படைப்பு எப்போது 'வெளியிடப்பட்டது' என்று தனியாகத் தோண்ட வேண்டும். கேலரியில் மாட்டி வைத்தது மட்டும் வெளியீடு ஆகாது என்பதால், ஓவிய விஷயத்தில் இந்தத் தோண்டல் எளிதில் முடியாது.

கனடாவின் கதை தனி. அங்கே 50 ஆண்டாக இருந்ததை 2022 டிசம்பர் 30 அன்று 70 ஆக்கினார்கள். பிகாசோ இறந்தது 1973 ஏப்ரல். பழைய கணக்கில் 2024 புத்தாண்டு அன்று அங்கே அவர் பொதுச்சொத்து ஆகியிருக்க வேண்டும். ஒரே ஒரு வருடத்தில் தப்பி, 2043 முடியும்வரை பூட்டப்பட்டார். பிகாசோ, டாலி, மாக்ரித் போன்றவர்களை வைத்து நடத்த வேண்டுமானால் உரிமைதாரர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். எதை வெட்டலாம், எதை அசைக்கலாம் என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது. பெயருக்கும் தனிப் பாதுகாப்பு தேடுவார்கள்: பிகாசோ கையெழுத்து ஒரு சிட்ரோவன் காரின் மேல் ஏறியது குடும்பத்தின் உரிமத்தோடுதான். பதிப்புரிமை முடிந்தபின் அதே படைப்பை வணிக முத்திரையாகப் பதிந்து காலத்தை நீட்டலாமா என்று ஓஸ்லோ நகராட்சியும் பார்த்தது, சிற்பி விகெலாண்டின் படைப்புகளை வைத்து. பொதுச்சொத்தான கலையை அப்படிப் பதிவது பொது நலனுக்கு எதிராக அமையலாம் என்று 2017-ல் எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகக் கூட்டமைப்பு) நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

போகிறவர்களுக்குச் சில

பெரும்பாலான காட்சிகள் 35 முதல் 60 நிமிடச் சுற்று, முடிந்ததும் மறுபடி தொடங்கும். கூட்டம் டிக்கெட் நேரத்தின் முதல் பத்து நிமிடத்தில் உள்ளே வந்து, ஒரு சுற்று முடிந்ததும் கலையும். இரண்டாவது சுற்று அனுமதிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டு அதையும் பாருங்கள். வெள்ளைச் சட்டைகள் குறையும்போது கறுப்பு கொஞ்சம் கறுக்கும். தரையிலும் படம் ஓடினால் தலைசுற்றல் வரக்கூடியவர்கள் சுவரோரம் உட்காருவது நல்லது. தரை நகரும்போது உடம்பு தானும் நகர்வதாக நினைத்துக்கொள்கிறது.

வீடியோ எடுத்துப் போடலாமா? நிறுவனங்கள் பெரும்பாலும் விரும்பவே செய்யும், விளம்பரம்தானே. ஆனால் அந்தப் படத்தைச் சட்டையிலோ புத்தக அட்டையிலோ போட்டால் கதை வேறு. அதில் இருப்பது வான் கோ மட்டும் இல்லை, அனிமேஷன்காரரும் இருக்கிறார். பின்னணி இசையும் சிக்கவைக்கும். பாக் இறந்து இருநூற்றெழுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கலாம், வாசித்துப் பதிவுசெய்தவருக்கு அந்தப் பதிவின்மேல் உரிமை உண்டு. ஓவியம் வேண்டுமென்றால் நேராக அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்துக்குப் போய், படத்தின் கீழே உரிமை என்ற வரியைப் படித்துவிட்டு, சிசி ஸீரோ அல்லது பொதுச்சொத்து என்று இருந்தால் அந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறமும் அதில்தான் சரியாக இருக்கும்.

காகங்கள்

வான் கோ காட்சிகள் பலவும் ஒரே மாதிரி முடிவை நாடுகின்றன. கோதுமை வயல், கறுத்த வானம், காகங்கள் கூட்டமாகச் சுவரை விட்டுப் பறக்கும், இருட்டு. அதுதான் கடைசி ஓவியம் என்ற எண்ணத்தோடு பார்த்தவர்கள் வெளியே வருகிறார்கள். அது கடைசி இல்லை. அதற்குப் பிறகும் அவர் வரைந்தார். கடைசி என்று வான் கோ அருங்காட்சியகம் கருதுவது 'மரவேர்கள்', முழுதாக முடிக்கப்படாதது. அதில் பறப்பதற்கு எதுவும் இல்லை, அதனால் முடிவுக் காட்சிக்கு ஆகாது.

உயிரோடு இருக்கும் ஓவியரின் படைப்பை இப்படிப் பொய்யான வரிசையில் வைத்தால் தார்மீக உரிமை, அதாவது தன் படைப்பைச் சிதைக்காதே என்று கேட்கும் உரிமை, என்று சொல்லிக் கேட்க முடியும். பிரான்சில் அந்த உரிமைக்குக் காலவரையே இல்லை, ஆனாலும் வாய்திறக்க யாராவது வேண்டும். பொதுச்சொத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு, புகார் கொடுக்க ஒருவரும் இல்லை. இந்தக் கூடங்களில் ஓவியத்தின் பெயரும் அளவும் அது இருக்கும் இடமும் எங்கும் எழுதப்படாமல் போவதற்கும் அதுவே காரணம். எழுதவேண்டும் என்று எந்தச் சட்டத்தை நம்பியும் இருக்க வேண்டியதில்லை. ஒரு பலகை, முப்பது வரி, செலவு ஒன்றும் இல்லை. இதில் நான் சமாதானமாகப் போகத் தயாராக இல்லை.

பின்னணிக் குரல் படிக்கும் கடித வரிகளிலும் அதே தலைகீழ் விதி வேலை செய்கிறது. வின்சென்ட் எழுதிய மூலக் கடிதங்கள் யாருடையதும் இல்லை. மொழிபெயர்ப்பு புதுப் படைப்பு, அதனால் அதற்கு உரிமை உண்டு. 2009-ல் வெளிவந்த முழுத் தொகுப்பின் ஆங்கிலம் பாதுகாக்கப்பட்டது. தம்பி மனைவி யோ செய்த பழைய மொழிபெயர்ப்புக்கு, அவர் 1925-ல் இறந்துவிட்டதால், 70 ஆண்டுக் கணக்கில் எப்போதோ காலம் முடிந்துவிட்டது. இரண்டையும் தேடச் சோம்பல்பட்டவர்கள் இணையத்தில் சுற்றும் மேற்கோளை எடுத்துச் சுவரில் போட்டுவிடுகிறார்கள். வந்ததும் போனதுமாக 902 கடிதங்கள் அந்தத் தொகுப்பின் தளத்தில் இலவசமாக, தேடும் வசதியோடு இருக்கின்றன. சுவரில் ஒரு வரி பிடித்திருந்தால் இரண்டு மூன்று சொற்களை அங்கே தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.